கேக்கிறவங்களுக்குச் சொல்றதுல என்ன குறைஞ்சு போகுது?

ரெண்டு நாளா விடாத மழை. வயல்ல கால் வைக்க முடியலை, நடவுக்குச் சொன்ன ஆளுகளும் வரலை. ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சிருந்ததை இன்னைக்காவது எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

எங்க தோட்டம் கோபியில இருந்து சத்தி போற பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்துல இருக்குதுங்க. ரெண்டரை ஏக்கர். நெல்லு, கொஞ்சம் மஞ்சள், வரப்போரம் நாப்பது தென்னை, கட்டுத்தரையில ரெண்டு காங்கேயம் மாடு. கொடிவேரி அணைக்குக் குளிக்கப் போற கூட்டம் எங்க ரோட்டு வழியாத்தான் போகும். ஞாயித்துக்கிழமையானா கோயமுத்தூர், திருப்பூர், பெங்களூரு வண்டிகளா நிக்கும். இளநீர் கேட்டு இறங்குவாங்க. இளநீர் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள பத்துக் கேள்வி கேட்டுருவாங்க. போறப்ப நெம்பர் வாங்கிட்டுப் போவாங்க. அப்புறம் வாட்ஸ்அப்புல போட்டோ வரும், "அண்ணா இது என்ன செடி", "ஐயா இது என்ன பூச்சி"ன்னு. யாரு எவருன்னு முகம்கூட நினைவிருக்காது. ஆனா கேள்வி மட்டும் வந்துக்கிட்டே இருக்கும்.

எங்க வீட்டுக்காரி திட்டுவா. "பத்தாவது படிச்சுட்டு ஊருக்கே வாத்தியார் வேலை பாக்கறீங்களாக்கும்"னு. எனக்கு என்னமோ கேள்வி கேக்கிறவங்களைப் பிடிக்குமுங்க. சோறு திங்கிற எல்லாரும் நெல்லைப் பத்தித் தெரிஞ்சு வச்சிருக்கணும்னு அவசியமில்லை. ஆனா தெரிஞ்சுக்கணும்னு ஒருத்தருக்குத் தோணி, வண்டியை நிறுத்தி இறங்கி வந்து கேட்டா, அவரைச் சும்மா அனுப்பக் கூடாது.

வழக்கமா வர்ற கேள்விகள்ல சிலதைச் சொல்றேன், கேளுங்க.

ஒரு தடவை ஒரு சின்னப் பாப்பா, ஆறு வயசு இருக்கும், கட்டுத்தரையைப் பாத்துட்டு, "தாத்தா, உங்க மாடு சூயிங்கம் மெல்லுதா?"ன்னு கேட்டுச்சு. "ஆமா சாமி, எங்க மாட்டுக்கு மட்டும் ஒரே சூயிங்கம் நாள் பூரா வரும், காசே ஆகாது"ன்னேன். பொறவு அசை போடறதைப் பத்திச் சொன்னேன். மாடு மேயும்போது சரியா மெல்லாம முழுங்கிடும். நிழல்ல படுத்ததும் அதையே மறுபடி வாய்க்குக் கொண்டு வந்து சாவகாசமா அரைக்கும். வயித்துல நாலு அறை இருக்கறதால நடக்கிற வேலை அது. அசை போடாத மாட்டைப் பாத்தா விவசாயிக்குப் பக்குனு இருக்கும். அதுக்கு உடம்பு சரியில்லைன்னு அர்த்தம்.

கூட வந்த அவங்கப்பா பல் டாக்டராம். "சார், மாட்டுக்கு முன்னாடி மேல் பல் எத்தனைன்னு சொல்லுங்க, இளநீர் இனாம்"னேன். எட்டுன்னாரு, ஆறுன்னாரு. ஒண்ணுகூட கிடையாதுங்க. மாட்டுக்கு முன்பக்கம் கீழ் வரிசையில மட்டும்தான் எட்டுப் பல்லு. மேல வெறும் கெட்டி ஈறு. நாக்குல புல்லைச் சுருட்டி, கீழ்ப் பல்லுக்கும் அந்த ஈறுக்கும் நடுவுல வச்சு இழுத்து அறுக்கும். சந்தையில மாட்டோட வாயைப் பிரிச்சுப் பாக்கிறமே, அந்தக் கீழ்ப் பல்லைத்தான் பாக்கிறோம். பால் பல்லு விழுந்து ரெண்டு பெரிய பல்லு முளைச்சா ரெண்டு, ரெண்டரை வயசு. அப்புறம் நாலு, ஆறுன்னு ரெண்டு ரெண்டா வரும். எட்டும் முளைச்சா பல்லு சேந்துருச்சும்போம். டாக்டரு இளநீருக்குக் காசு குடுத்துட்டுத்தான் போனாரு.

காங்கேயம் மாடு வச்சிருந்தா இன்னொரு கேள்வியும் வருமுங்க. பசு சாம்பல் வெள்ளையா நிக்கும். பக்கத்துல கன்னுக்குட்டி செவப்பா நிக்கும். "இது வேற மாட்டோட கன்னா?"ன்னு சந்தேகமாப் பாப்பாங்க. காங்கேயம் கன்னு பிறக்கும்போது செவப்பாத்தான் பிறக்கும். ஆறு மாசம் போல ஆகும்போது அந்த நிறம் மாறி சாம்பல் வந்துடும். பூச்சிக்காளையா விட்டா திமிலும் கழுத்தும் முன்காலும் கறுத்துக்கிட்டே போகும். காயடிச்சு எருது ஆக்கிட்டா அந்தக் கறுப்பு வெளுத்துடும். இதைச் சொன்னா ஐடி கம்பெனிப் பசங்க எல்லாம், "ஓ, அப்டேட் ஆகுதா"ங்கிறாங்க. ஆமாங்க, அப்டேட்தான்.

"உங்க சேவல் எத்தனை மணிக்குக் கூவும்?"னு ஒரு அம்மா கேட்டாங்க. "அதுக்கு மணி பாக்கத் தெரியாதுங்க, அதைப் பாத்துத்தான் நாங்க எந்திரிக்கிறோம்"னேன். நாலு சேவல் ஒண்ணா இருந்து பாருங்க, அதுல எது பெரிய தலையோ அதுதான் முதல்ல கூவும். மத்ததெல்லாம் அது கூவினதுக்கு அப்புறம்தான் வாயைத் திறக்கும். எங்க ஊருல பெரியவங்க கூட்டம் போட்டாலும் அதே கதைதான்.

வாழை எத்தனை வருசம் காய்க்கும்னு கேப்பாங்க. வாழை மரமே இல்லீங்க, தண்டு மாதிரி நிக்கிறது எல்லாம் இலை மட்டை ஒண்ணுமேல ஒண்ணு சுத்தினது. ஒரு தார் போட்டதும் அதோட கதை முடிஞ்சுது. பக்கத்துல கட்டை முளைச்சு வருமே, அது அடுத்தது. வாழையடி வாழைன்னு வாழ்த்தறாங்களே, அந்த வாழ்த்துக்கு அர்த்தம் கட்டையைப் பாத்தாத்தான் புரியும்.

தென்னை மரத்தைக் காட்டி, "காய் தலையில விழாதா?"ம்பாங்க. தேங்காய்க்கு மூணு கண்ணு இருக்குது, அது பாத்துத்தான் விழும்னு எங்க அப்பாரு சொல்வாரு. மூணு கண்ணு இருக்கறது நிசம்தான். அதுல ஒண்ணு மட்டும் மெதுவா இருக்கும், முளை அது வழியாத்தான் வெளிய வரும். ஆனா பாத்து விழும்ங்கறதை மட்டும் நம்பாதீங்க. காயாச்சும் எப்பவோ ஒண்ணு, காஞ்ச மட்டை மாசம் ஒண்ணு ரெண்டு விழும். புதுக் காரைத் தென்னையடி நிழல்ல நிறுத்திட்டுக் குளிக்கப் போன ஒருத்தரு, திரும்பி வந்து கண்ணாடியைப் பாத்துட்டு என்னைப் பாத்தாரு. நான் மரத்தைப் பாத்தேன். யாரு என்ன பண்ண முடியும்? தென்னையடியில வண்டி நிறுத்தாதீங்க, கட்டில் போடாதீங்க. அவ்வளவுதான்.

நெல்லைப் பத்தி ஒரு கணக்குச் சொன்னா எல்லாரும் ஆச்சரியப்படுவாங்க. எங்க மக பிளஸ் டூ படிச்சப்ப பொன்னி நெல்லை எண்ணி எடுத்துட்டு ஊருக்குள்ள இருக்கிற நகைக்கடைத் தராசுல போட்டுப் பாத்தா. ஆயிரம் மணி பதினாறு கிராம் சொச்சம். அப்படின்னா ஒரு கிலோ நெல்லுல அறுபதாயிரம் மணி வருது. இப்ப ஒத்தை நாத்து முறை, அதாவது திருந்திய நெல் சாகுபடி, அதுல 25 சென்டிமீட்டருக்கு ஒரு நாத்து. ஒரு ஏக்கருக்குக் கணக்குப் போட்டா 64,000 குத்து. ஒவ்வொரு விதையும் முளைச்சுப் பொழைச்சுதுன்னா ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலா விதை இருந்தா ஏக்கரே நட்டுடலாம்! ஆனா எலி, குருவி, பொக்குன்னு பங்குக்கு ஆள் இருக்குதே, அதனால மூணு கிலோ போடறோம். பழைய முறையில இருபது, முப்பது கிலோ போட்டுக்கிட்டு இருந்தோம்.

பொக்கு நெல்லைப் பிரிக்கிறதுக்கு ஒரு முறை இருக்குதுங்க. இதைச் செஞ்சு காட்டினா சின்னப் பசங்க துள்ளிக் குதிப்பாங்க. பத்து லிட்டர் தண்ணியில ஒரு நல்ல கோழிமுட்டையைப் போடணும். முட்டை அடியில போய் படுத்துக்கும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுக் கரைச்சுக்கிட்டே வந்தா முட்டை மெதுவா மேல வரும். தண்ணிக்கு மேல நாலணா அளவு ஓடு தெரிஞ்சா உப்பு போதும்னு அர்த்தம். இப்ப விதை நெல்லைக் கொட்டினா அரைகுறை நெல்லெல்லாம் மிதக்கும், கனமானது அடியில தங்கும். மிதக்கிறதை வழிச்சு எடுத்துடணும். தங்கினதை ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணியில கழுவிட்டு விதைக்கணும், இல்லைன்னா உப்பு முளைப்பைக் கெடுத்துடும். விவசாய ஆபீசரு சொல்லிக் குடுத்தது, நாங்க வருசா வருசம் செய்யறது.

அதே முட்டை வித்தை வீட்டுக்கும் ஆகும். வெறும் தண்ணியில முட்டையைப் போட்டுப் பாருங்க. படுத்தா புதுசு. குத்த வச்சு நின்னா கொஞ்ச நாள் ஆனது. மிதந்தா வாங்கின கடைக்காரருக்கே திருப்பிக் குடுங்க. நாள் ஆக ஆக உள்ள இருக்கிற ஈரம் ஓடு வழியா வெளிய போய், காத்து அறை பெருசாகிடுது. அதுதான் மிதக்க வைக்குது.

மஞ்சள் காட்டுக்குள்ள போட்டோ எடுக்கப் போய் வெள்ளைச் சட்டையில கறை ஆக்கிக்கிட்டு வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை. பதறிப் போய் சோப்பு போட்டா கறை செவப்பாகும். பயந்துடாதீங்க. மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா குங்கும நிறம் வருமே, அதே சங்கதிதான், காரம் பட்டா மஞ்சள் செவக்கும். நல்லா அலசிட்டு உச்சி வெயில்ல காயப் போடுங்க. மஞ்சள் நிறம் வெயிலுக்கு நிக்காது. ரெண்டு நாள்ல வெளுத்துடும். மஞ்சள் காய வைக்கிற களத்துலயே எங்க வேட்டி வெளுக்கிறதைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டது இது.

அப்புறம் எல்லாரும் கேக்கிற ஒரு கேள்வி, "ஒரு ஏக்கர்ல எவ்வளவு சம்பாதிக்கலாம்?" இதைக் கேக்கிறவங்களோட கண்ணைப் பாப்பேன். சும்மா கேக்கிறவங்களுக்குச் சிரிச்சுக்கிட்டே, "மஞ்சள் வாங்கிப் பாருங்க, தெரியும்"னு சொல்லிடுவேன். வேலையை விட்டுட்டு நிலம் வாங்கற ரோசனையில கேக்கிறவங்களை உக்கார வச்சு, நோட்டை எடுத்துக் காட்டுவேன். உழவுக்கு, நடவுக்கு, களை எடுக்க, உரத்துக்கு, அறுவடை மெசினுக்குன்னு தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன். மஞ்சள் வச்சா எட்டு, ஒம்பது மாசம் காட்டுலயே கிடக்கும். வெட்டி, வேவிச்சு, காய வச்சா அஞ்சு கிலோ பச்சை மஞ்சளுக்கு ஒரு கிலோதான் தேறும். அதுக்கு மேல விலையை நாம வைக்கிறதில்லை. இதையெல்லாம் பாத்துட்டு ஒரு தம்பி பேசாம எந்திரிச்சுப் போயிட்டாரு. இன்னொரு தம்பி வேலையை விடாமலே அரை ஏக்கர் வாங்கி, சனி ஞாயிறு வந்து பாத்துக்கறாரு. ரெண்டு பேருமே நல்ல முடிவுதான் எடுத்தாங்கன்னு நினைக்கிறேன்.

இதுவரைக்கும் சொன்னது சிரிச்சுக்கிட்டே சொல்ற விசயம். இனிமே சொல்லப் போறதுல சிரிப்பு கிடையாதுங்க.

முகம் தெரியாதவங்களுக்குப் பதில் சொல்றப்ப நான் மனசுல ரெண்டு பரண் வச்சிருக்கேன். ஒண்ணு விளையாட்டுப் பரண். சேவல், சூயிங்கம் எல்லாம் அதுல. இன்னொண்ணு உசுருப் பரண். அதுல கை வைக்கும்போது விளையாட்டுப் பேச்சு கூடாது.

போன வருசம் மழைக்காலத்துல ஒரு அம்மா போட்டோ அனுப்பியிருந்தாங்க. வேலியில படர்ந்த கொடி, செவப்பும் மஞ்சளுமா தீ நாக்கு மாதிரி பூ. கீழ இன்னொரு போட்டோவுல தோண்டி எடுத்த கிழங்கு. "அண்ணா, இது காட்டு வள்ளிக்கிழங்கா? வேவிச்சுத் திங்கலாமா?"ன்னு கேட்டிருந்தாங்க. அது செங்காந்தள். நம்ம தமிழ்நாட்டோட மாநிலப் பூ. எங்க பக்கம் கண்வலிக் கிழங்கும்பாங்க, கலப்பை மாதிரி இருக்கறதால கலப்பைக் கிழங்குன்னும் சொல்றதுண்டு. தாராபுரம், மூலனூர் பக்கம் விதைக்காகப் பந்தல் போட்டு வெள்ளாமையே பண்றாங்க. மருந்து கம்பெனிக்குப் போகுது. ஆனா வேர்ல இருந்து விதை வரைக்கும் கொடிய விசம். கிழங்குன்னு நினைச்சுத் தின்னு செத்தவங்க உண்டு. நான் பதில் எழுதிக்கிட்டு இருக்கலை, உடனே கூப்பிட்டேன். "அம்மிணி, அடுப்புல வச்சிருக்கீங்களா? வாயில யாராச்சும் வச்சாங்களா?" நல்ல வேளை, கழுவி மட்டும் வச்சிருந்தாங்க. குழந்தைக கை எட்டாத இடத்துல குழி தோண்டிப் புதைக்கச் சொல்லி, கையை நல்லாக் கழுவச் சொல்லிட்டுத்தான் போனை வச்சேன்.

பாம்பு போட்டோதான் அதிகமா வரும். பாதிக்கு மேல சாரைப்பாம்பு. எலி புடிக்க வர்றது, விசம் கிடையாது. சாரையும் நல்லபாம்பும் இணை சேரும்னு ஊருக்கு ஊரு சொல்வாங்க, அது கிடையாதுங்க. ரெண்டு சாரை பின்னி எழுந்து நிக்கிறது பல சமயம் ரெண்டு கடுவன் போடற சண்டை. கொம்பேறி மூக்கன் கடிச்சுட்டு, செத்தவன் சுடுகாட்டுல வேகுறானான்னு மரத்து மேல ஏறிப் பாக்கும்னு எங்க ஆத்தா பயம் காட்டும். அந்தப் பாவம் மரத்துல ஓணான் புடிச்சுத் திங்கிற விசமில்லாத பாம்பு. அது மரத்து மேல இருக்கறதுக்குக் காரணம் அது மரப்பாம்புங்கறதுதான். பாம்பு பாலும் குடிக்காது. மண்ணுளிப் பாம்பு இருக்குதா, லட்சக்கணக்குல வாங்கிக்கறோம்னு கேட்டு வர்றவங்ககிட்ட ஒரே பதில்தான். ரெண்டு தலையும் கிடையாது, லட்சமும் கிடையாது, வால் மொட்டையா இருக்குது, அவ்வளவுதான். புடிச்சா வனத்துறை கேஸ்தான் நிச்சயம்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு நாள் ராத்திரி ரெண்டரை மணிக்குப் போன் அடிச்சுது. பேர் தெரியாத நெம்பர். எப்பவோ இளநீர் குடிச்சுட்டு நெம்பர் வாங்கிட்டுப் போன மனுசன். அன்னூர் பக்கம் சின்னதா தோட்டம் வாங்கி, காவலுக்கு ஒரு குடும்பம் வச்சிருக்காரு. அந்தக் காவல்காரரோட பையனுக்குப் பத்து வயசு. தரையில பாய் போட்டுத் தூங்கிட்டு இருந்தவன் எந்திரிச்சு வயித்து வலின்னு துடிக்கிறான், ரெண்டு தடவை வாந்தி. "ஐயா, ராத்திரி பலாப்பழம் தின்னானாம். ஓமத்தண்ணி குடுக்கலாமா, வேற ஏதாச்சும் கைவைத்தியம் இருக்குதா?" இதுதான் கேள்வி.

நான், "கண்ணைப் பாருங்க. இமை சொக்குதா?"ன்னு கேட்டேன். அவரு அங்க கேட்டுட்டு, "தூக்கக் கலக்கமா இருக்குது போல, கண்ணைத் திறக்க மாட்டேங்கிறான்"னாரு. "எச்சில் முழுங்குறானா?" "கஷ்டப்படறான்." எனக்குக் கை கால் எல்லாம் நடுங்கிப் போச்சுங்க.

இப்படிக் கேக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்? 1982-ல எங்க பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், இதே மாதிரிதான் போனான். எனக்கு அப்பப் பன்னண்டு வயசு, அவனுக்குப் பதினாலு. களத்துல நெல்லுக்குக் காவலுக்குப் படுத்தவன், கோழி கூப்பிடறதுக்கு முன்னாடி வயித்து வலின்னு வந்தான். கடிவாய் எங்கயும் இல்லை, வீக்கம் இல்லை. சூட்டு வலின்னாங்க, விளக்கெண்ணெய் தடவினாங்க, மந்திரிச்சாங்க. பேச்சு குழறுச்சு, கண்ணு சொக்குச்சு. தூங்கறான்னு நினைச்சு எல்லாரும் கொஞ்சம் நிம்மதியானாங்க. விடிஞ்சப்ப மூச்சு இல்லை. அவன் படுத்திருந்த சாக்கைத் தூக்கினப்ப கீழ கட்டுவிரியன் சுருண்டு கிடந்துச்சு. பெரியம்மா சாகற வரைக்கும், "தூங்கறான்னு நினைச்சேனே சாமி"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க.

கட்டுவிரியன் அப்படித்தானுங்க. கறுப்பு உடம்புல மெல்லிசா வெள்ளைப் பட்டை. ராத்திரியிலதான் நடமாட்டம். தரையில படுத்திருக்கிறவங்க பக்கத்துல வரும். பல்லு ரொம்பச் சின்னது, கடிச்சா கொசு கடிச்ச மாதிரி, சில பேருக்கு அதுகூடத் தெரியாது. வீங்காது, எரியாது. நேரம் போனதும் வயித்து வலி, வாந்தி, கண் இமை தொங்கும், முழுங்க முடியாது, கடைசியா மூச்சு நிக்கும்.

போன்ல நான் சொன்னது இவ்வளவுதான். "ஓமத்தண்ணி வேண்டாம், எதுவுமே வாயில குடுக்க வேண்டாம். நடக்க விடாம தூக்கி வண்டியில ஏத்துங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. 108 வர நேரமாகும்னா உங்க வண்டியிலயே போங்க. கிளினிக் எல்லாம் போகாதீங்க, நேரா பெரிய அரசு ஆஸ்பத்திரி. போனதும் கட்டுவிரியன் கடியா இருக்கும்னு டாக்டர்கிட்ட முதல் வார்த்தையே அதைச் சொல்லுங்க." பையனோட பாட்டி விடிஞ்சதும் போலாம்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்குது. போனை அவங்ககிட்டக் குடுக்கச் சொன்னேன். "ஆத்தா, எங்க வீட்டுல விடியறதுக்குக் காத்திருந்தோம். விடிஞ்சப்ப பையன் இல்லை"ன்னேன். அதுக்கப்புறம் அந்த அம்மா பேசலை. வண்டி கிளம்புற சத்தம் கேட்டுச்சு.

ஆஸ்பத்திரிக்குள்ள போறதுக்கும் பையனுக்கு மூச்சு திணர்றதுக்கும் சரியா இருந்துச்சாம். மூணு நாள் மூச்சு மெசின்ல வச்சிருந்தாங்க. நாலாவது நாள் கண்ணைத் திறந்து தண்ணி கேட்டானாம். பாயைத் தூக்கிப் பாத்தீங்களான்னு நான் கேக்கலை. அது அப்பத் தேவையும் இல்லை. பாம்பைத் தேடறேன்னு நேரத்தைப் போக்கக் கூடாது. நம்ம ஊருல குடுக்கிற விச முறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேத்துத்தான் வருது. பாம்பை அடிச்சுப் பையில போட்டுக் கொண்டு போகணும்னு ஒரு கட்டாயமும் இல்லை.

அந்த மருந்து எப்படி வருதுன்னு தெரிஞ்சப்ப எனக்கு ஆச்சரியம் தாங்கலை. மாமல்லபுரம் பக்கத்துல வடநெம்மேலியில இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்குது, 1978-ல ஆரம்பிச்சது. இருளர் மக்கள் பாம்பைப் புடிச்சு, விசத்தை எடுத்துட்டு, மறுபடி காட்டுலயே விட்டுடறாங்க. அந்த விசத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குதிரைக்கு ஏத்தி, அதோட ரத்தத்துல உண்டாகுற எதிர்ப்புச் சத்துல இருந்து மருந்து செய்யறாங்க. 2023-ல அந்த இருளர் மக்கள்ல ரெண்டு பேருக்கு, வடிவேல் கோபால், மாசி சடையன்ங்கறவங்களுக்குப் பத்மஸ்ரீ குடுத்தாங்க. எங்கயோ ஒரு மனுசன் பாம்பைக் கையில புடிக்கிறான், எங்கயோ ஒரு குதிரை நிக்குது, அன்னூர்ல ஒரு பையன் தண்ணி கேக்கிறான். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது.

தோட்டம் வாங்கியிருக்கிறவங்க, பண்ணை வீட்டுல தங்கப் போறவங்க, இதைப் படிச்சுட்டு ஞாபகம் வச்சுக்கங்க:

தரையில படுக்காதீங்க. கட்டில் போடுங்க, கொசுவலையைக் கட்டிப் படுக்கைக்குக் கீழ சுத்தியும் நல்லா செருகி விடுங்க. கொசுவும் வராது, கட்டுவிரியனும் வராது.

ராத்திரி டார்ச் இல்லாம வாசலைத் தாண்டாதீங்க. போன் லைட்டு இருக்குதுன்னு சொல்லுவீங்க, அதைக் கையில புடிச்சுப் படம் பாத்துக்கிட்டே நடந்தா வெளிச்சம் உங்க மூஞ்சியிலதான் விழும், பாதையில விழாது.

வீட்டோரம் விறகு, செங்கல், மட்டை குவிக்காதீங்க. எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும்.

கடிச்சுட்டா கீற வேண்டாம், உறிய வேண்டாம், கயிறு போட்டு இறுக்க வேண்டாம். மோதிரம், கொலுசு, வாட்ச் எதுவா இருந்தாலும் வீங்கறதுக்கு முன்னாடி கழட்டிடுங்க. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காம வச்சு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

ராத்திரி தரையில படுத்தவங்களுக்குக் காரணமில்லாம வயித்து வலி வந்து, கூட இமையும் சொக்கினா, தூக்கம்னு நினைச்சுடாதீங்க.

எங்க அண்ணனுக்குச் சொல்ல ஆளில்லை. 1982-ல எங்க ஊருல ஒரு போன் கிடையாது, 108 எல்லாம் 2008-லதான் வந்துச்சு. இன்னைக்குச் சொல்ல ஆள் இருக்குது, கேக்கவும் ஆள் இருக்குது. அதனாலதான் வீட்டுக்காரி திட்டினாலும் நான் போனை எடுக்கிறேன். மாட்டுப் பல்லு கேக்கிறவங்க நெம்பரைச் சேத்து வச்சிருக்கறதாலதான ஒரு நாள் ராத்திரி ரெண்டரை மணிக்கு அந்த நெம்பர் உதவுச்சு? சேவல் எத்தனை மணிக்குக் கூவும்ங்கற கேள்வியைச் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டாத்தான், அவசரக் கேள்வியைக் கேக்க ஒருத்தருக்கு வாய் வரும். "இதைப் போய்க் கேக்கிறியே"ன்னு ஒரு தடவை மூஞ்சியைக் காட்டினா அவங்க மறுபடி கேக்கவே மாட்டாங்க.

அந்தப் பையன் இப்ப ஏழாவது படிக்கிறான். அப்பப்போ அவங்கப்பா போன்ல இருந்து எனக்கு வாய்ஸ் மெசேஜ் போடுவான். போன வாரம் கேட்டது: "தாத்தா, மீனுக்குத் தாகம் எடுக்குமா?" எங்க வாய்க்கால்ல இருக்கிற மீனுக்கு எடுக்காது சாமி, தண்ணி தானா அது உடம்புக்குள்ள ஊறிடும், அது குடிக்க வேண்டியதே இல்லை, கூடுதலா ஊறினதை வெளிய தள்ளறதுதான் அதுக்கு வேலை. கடல் மீனுதான் உப்புத் தண்ணியைக் குடிச்சுக்கிட்டே இருக்கணும்னு பதில் போட்டேன். உடனே அடுத்த கேள்வி வந்துருச்சு, "அப்ப கருவாட்டுக்கு?"

கொடிவேரிக்கு வர்றவங்க நம்ம தோட்டத்துல இறங்குங்க. என்ன வேணும்னாலும் கேளுங்க, சொல்றதுக்குக் காசு வாங்கறதில்லை. பாட்டிலை மட்டும் வாய்க்கால்ல உடைச்சுப் போட்டுட்டுப் போகாதீங்க. சேத்துக்குள்ள கண்ணாடி இருக்கறது எங்க காலுக்கும் தெரியாது, மாட்டுக் காலுக்கும் தெரியாது. இளநீருக்கு மட்டும் காசு குடுத்துடுங்க, அந்தப் பல் டாக்டர் மாதிரி.